போன மாதம் வந்த எண்ணெய் இந்த மாதமும் வேண்டும்: கனடாவில் மருத்துவக் கஞ்சா

2018 ஒக்ரோபர் 17 அன்று கனடாவில் கஞ்சா பெரியவர்கள் எல்லோருக்கும் சட்டபூர்வமானபோது, விஷயம் தெரிந்த உறவினர் சிலர் "இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லைத்தானே" என்றார்கள். நான் அதற்கு முன்பே வைத்தியரின் எழுத்தோடு கஞ்சா எண்ணெய் பாவித்துக்கொண்டிருந்தேன். கரைச்சல் கூடியது அதற்குப் பிறகுதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்குத் தந்த கெமோவில் பக்ளிடாக்ஸல் என்ற மருந்தும் இருந்தது. புற்றுநோய் போய்விட்டது. கால்விரல்களிலும் கைவிரல் நுனிகளிலும் விறைப்பும் எரிவும் தங்கிவிட்டன. இந்த மருந்து நரம்புகளை இப்படிப் பாதிப்பது அடிக்கடி நடப்பதுதான். பகலில் ஏதோ வேலையில் மறந்திருக்கலாம்; இரவில் போர்வை காலில் படுவதே தாங்காது. நரம்பு வலிக்குத் தரும் காபபென்டின் எடுத்தால் அடுத்த நாள் மத்தியானம் வரை தலை கனத்துக் கிடக்கும். துலொக்ஸிடின் வயிற்றைப் புரட்டியது. பிறகுதான், கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யும் போதை தராத சி.பி.டி.யும் கலந்த எண்ணெய்க்கு வந்தேன். அது நரம்பைக் குணப்படுத்தவில்லை, எரிவையும் முழுதாகப் போக்கவில்லை. இரவில் சில மணி நேரம் தொடர்ச்சியாக நித்திரை கொள்ள விட்டது, எனக்கு அது போதும். எல்லோருக்கும் இது வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். ஆராய்ச்சிகளும் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

இப்படி ஒரு எண்ணெயில் உடம்பு பழகிய ஆளுக்கு, போன மாதம் வந்த அதே எண்ணெய் இந்த மாதமும் வரவேண்டும். அதுதான் முதல் தேவை. எத்தனை வகை, எத்தனை வாசனை என்பதெல்லாம் பொழுதுபோக்குக்கு வாங்குபவர்களின் கவலை. கனடாவின் முறை சோதனை, பொதி, வயது, வரி, விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு அதே பொருள் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்பதற்கு மட்டும் அதில் யாரும் பொறுப்பில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டில் நோயாளிகளுக்குக் கிடைத்த வசதிகள் பெரும்பாலும் வழக்குப் போட்டு வாங்கியவை. வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கரின் வழக்கில் 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், 2001இல் மருத்துவப் பாவனைக்கு ஒழுங்கான விதிகள் வந்தன. முதலில் அரசாங்கம் ஒரே ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டு, மனிற்றோபா மாகாணத்தில் ஃபிளின் ஃப்ளொன் என்ற ஊரின் பழைய சுரங்கத்துக்குள் கஞ்சா வளர்த்தது. சுரங்கத்துக்குள்! அது தூளாக இருக்கிறது, தரமில்லை, ஒரே வகைதான் கிடைக்கிறது என்று அன்றைய நோயாளிகள் குறைசொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் அந்த "ஒரே வகை" என்ற சொல்லைக் கேட்கும்போது இப்போது எனக்குச் சிலவேளை பொறாமையாக இருக்கிறது. காய்ந்த பூ மட்டும் இல்லாமல் எண்ணெயாகவும் உணவாகவும் எடுக்கலாம் என்பது 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. சொந்தமாக வளர்க்கும் உரிமையை அரசு பறித்தபோது, 2016இல் நீல் அலார்ட் வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது.

இப்போதைய நடைமுறை இதுதான். வைத்தியரோ நர்ஸ் பிராக்டிஷனரோ (மருந்து எழுதும் உரிமையுள்ள தாதி) "மருத்துவ ஆவணம்" ஒன்று எழுதுவார். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். அதை ஃபெடரல் (மத்திய அரசு) உரிமம் உள்ள ஒரு விற்பனையாளரிடம் பதிவுசெய்தால், அவர் வீட்டுக்கு அனுப்புவார். எண்ணெயாக வாங்கினால் இத்தனை மில்லி ஒரு கிராமுக்குச் சமம் என்று அவர்களே கணக்கு வைத்திருப்பார்கள். தெருமுனைக் கஞ்சாக் கடையில் இந்த ஆவணத்தைக் காட்டி ஒன்றும் வாங்க முடியாது. பார்மசியிலும் கிடையாது. என் மற்ற மருந்துகள் அத்தனையும் தருகிற, என் ஒவ்வாமை முதல் இரத்த அழுத்தம் வரை கணினியில் வைத்திருக்கிற அந்தப் பார்மசிதான், இந்த ஒன்றைத் தரமுடியாத இடம்.

2018 முடிவில் என் எண்ணெய்க்குப் பக்கத்தில் "இருப்பில் இல்லை" என்று வரத் தொடங்கியது. மாகாண மொத்த விற்பனைக்கும் புதிய கடைகளுக்கும் அனுப்பவே நிறுவனங்களிடம் சரக்குப் போதவில்லை என்ற காலம் அது. தொலைபேசியில் எடுத்த பெண், அதே அளவு டி.எச்.சி., அதே அளவு சி.பி.டி. உள்ள வேறொன்றைக் காட்டினார். லேபிளில் எண்கள் ஒன்றேதான். முதலாவது ஒலிவ் எண்ணெயில் கரைத்தது, இது தேங்காயிலிருந்து எடுக்கும் எம்.சி.டி. எண்ணெயில். எனக்கு வயிறு கலங்கியது. அதைவிட, முதல் இரவே தலை சுற்றி, கழிவறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலில் உணர்ச்சி குறைந்தவளுக்கு விழுவதுதான் பெரிய பயம்.

லேபிளில் உள்ள எண்களைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும். விதிப்படி, நான் எடுப்பது போன்ற எண்ணெயில் உண்மையான அளவு, எழுதியதைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று போட்ட போத்தல் உள்ளே 17ஆகவும் இருக்கலாம், 23ஆகவும் இருக்கலாம். மாலையில் இரண்டு கம்மி (கஞ்சா மிட்டாய்) போட்டுக்கொண்டு படம் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. நான் ஒரு மில்லியின் பத்தில் ஒரு பங்கை ஏற்றி இறக்கி எனக்கான அளவைக் கண்டுபிடித்தவள். அதனால் இப்போது புதுப் போத்தல் எதைத் திறந்தாலும், பெயர் அதேயானாலும், முதல் இரண்டு மூன்று இரவு வழக்கமான அளவில் பாதிதான் எடுப்பேன். ஒரு கொப்பியில் லொட் எண் (எந்தத் தொகுதியில் தயாரித்தது என்ற எண்), பொதிசெய்த திகதி, எடுத்த அளவு, எத்தனை மணிக்கு விழித்தேன் என்று எழுதுகிறேன். இரவுகள் தொடர்ந்து மோசமானால் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் நோய் கூடியிருக்கிறதா, போத்தல் மாறியதா என்று எனக்கே தெரியும். வைத்தியரும் "பரவாயில்லையா" என்று கேட்பதோடு நிற்காமல் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தொடங்கியது கொப்பியைக் கொண்டுபோன பிறகுதான்.

தட்டுப்பாடு பிறகு தீர்ந்தது. பொருளை நிறுத்திவிடுவது தீரவில்லை. இலாபம் பொழுதுபோக்குச் சந்தையில் என்றால் நிறுவனங்கள் அங்கே ஓடுவதுதான் வழக்கம். மெதுவாக விலைப்படும் எண்ணெய்களைக் கைவிடும்போது நோயாளிக்குக் கடிதம் கூட வராது, பட்டியலில் பெயர் காணாமல் போயிருக்கும். நிறுவனங்களே காணாமல் போவதும் உண்டு. கான்ட்ரஸ்ட் என்ற நிறுவனம் 2019இல் அனுமதியில்லாத அறைகளில் வளர்த்தது வெளியே வந்து, அதன் உரிமத்தை மத்திய சுகாதார அமைச்சான ஹெல்த் கனடா இடைநிறுத்தியது. ஷொப்பர்ஸ் டிரக் மார்ட் என்ற பார்மசி நிறுவனம் 2019இல் ஆரம்பித்த இணையவழி மருத்துவக் கஞ்சாச் சேவையை 2023இல் மூடி, நோயாளிகளை வேறொரு நிறுவனத்திடம் மாற்றிவிட்டது. பார்மசிப் பெயர் உள்ள ஒரு இடமே விலகியது என்பதுதான் எனக்கு அதில் உறைத்தது. நான் வாங்கிய இடம் இவை இரண்டும் இல்லை, ஆனால் அங்கும் என் எண்ணெய் நின்றுபோனது.

அப்போது உதவிய ஒரு விஷயம்: மருத்துவ ஆவணத்தை ஒரு விற்பனையாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். புதிதாக வைத்தியரிடம் போகத் தேவையில்லை. முன்பு இப்படி முடியாது. 2018 விதிகளோடு வந்த நல்ல மாற்றங்களில் இது ஒன்று. ஆனால் இதைத் தாங்களாகவே யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் செய்வார்கள். மாற்ற முன்பு புதிய இடத்தில் கேட்கவேண்டியது: இந்த எண்ணெய் எந்த எண்ணெயில் கரைத்தது, நீங்களே தயாரிப்பதா வேறு நிறுவனத்திடம் வாங்கி விற்பதா, எவ்வளவு காலமாகப் பட்டியலில் இருக்கிறது. நீண்ட காலமாக இருக்கும் பொருளையே தெரிவுசெய்யுங்கள். புதிதாக வந்த மலிவுப் பொருளில் உடம்பைப் பழக்கிவிட்டு, ஆறு மாதத்தில் அதைத் தேடித் திரியவேண்டாம்.

கிளினிக்குகளைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். குடும்ப வைத்தியர்கள் பலர் இந்த ஆவணத்தில் கையெழுத்திடத் தயங்குவதால், வீடியோவில் பேசி எழுதித்தரும் கிளினிக்குகள் நிறைய வந்தன. கட்டணமும் இருக்காது. பலவற்றுக்குப் பணம் வருவது விற்பனையாளர்களிடமிருந்து. "நீங்கள் எந்த விற்பனையாளரோடு சேர்ந்து வேலை செய்கிறீர்கள்" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

தபாலை மட்டும் நம்பும் முறை எப்படிப்பட்டது என்பது 2024 நவம்பர் 15 அன்று கனடாத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தெரிந்தது. டிசம்பர் 17 வரை நீடித்தது. ஊழியர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மருந்து வர ஒரே ஒரு வழி வைத்து, அது அடைபட்டால் பார்மசிக்குப் போகவும் முடியாமல் வைத்ததுதான் குற்றம். குரியரில் அனுப்பத் தொடங்கினார்கள், அதுவும் வீட்டில் பெரியவர் ஒருவர் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். குரியர்காரர் வந்த நேரம் நாங்கள் ஆஸ்பத்திரியில். பொதி எங்கோ ஒரு களஞ்சியத்துக்குப் போய், மகள் வேலை முடிந்து மிசிசாகா வரை ஓடி எடுத்துவந்தாள்.

இடையில் மாட்டிக்கொண்டால் கடையில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், வாங்கியும் இருக்கிறேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கஞ்சாக் கடைக்குக் குறைவில்லை. எங்கள் பக்கத்துக் கடையில் நின்ற தமிழ்த் தம்பி, "அன்ரி, எனக்கு மருத்துவம் கதைக்க ஏலாது, எத்தனை மில்லிகிராம் எண்டு மட்டும் வாசிச்சுச் சொல்லலாம்" என்றான். அவன் சொன்னது சரி. கடைக்காரர்கள் மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது, நிறுவனங்களும் இது வலிக்கு நல்லது என்று எழுதக்கூடாது. பொய் விளம்பரத்தைத் தடுக்க அந்த விதி தேவைதான். ஆனால் கடையில் சொல்லக்கூடாது, பார்மசியில் விற்கக்கூடாது என்றால், நோயாளி யாரிடம் கேட்பது? கடைகளும் ஒரே குழாயில்தான் தொங்குகின்றன. ஒன்ராறியோவில் எல்லாச் சட்டபூர்வக் கடைகளுக்கும் சரக்கு மாகாண அரசின் மொத்த விற்பனை நிறுவனம் வழியாகத்தான் வரவேண்டும். 2022 ஓகஸ்டில் அதன் விநியோகத்தைப் பார்த்த நிறுவனத்தின் தாய் நிறுவனம் மேல் இணையத் தாக்குதல் நடந்தபோது கடைகளுக்கு விநியோகம் நின்றது. அதே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தால் அங்கும் கடைகள் காலியாகின.

கேள்வி கேட்க எனக்குக் கிடைத்த ஆள், கடைசியில் பார்மசிப் பிள்ளைதான். விற்க முடியாவிட்டாலும், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்ல அவளுக்குத் தடையில்லை. "இதையும் என் பெயரில் குறித்துவையுங்கோ" என்று நான் கேட்டுக்கொண்டேன். கட்டாயம் இதைச் செய்யுங்கள். சி.பி.டி. ஈரலில் மற்ற மருந்துகள் சிதையும் வேகத்தை மாற்றும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. நித்திரைக் குளிசையோடும் வலிக்கான ஓபியாய்டு மருந்துகளோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் ஒளித்து எடுக்கும் அம்மாமார் எங்கள் சமூகத்தில் இருக்கிறார்கள். கோயிலில் யாருக்கும் தெரியவரக்கூடாது என்பது விளங்குகிறது. பார்மசிக்கு ஒளிக்காதீர்கள்.

பொதிகளைப் பற்றி நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். பிள்ளைகள் திறக்கமுடியாத மூடி கட்டாயம், நல்லது. அதை விரல்நுனி விறைத்த நானும் திறக்கமுடியாது. என் வீட்டுக்காரர்தான் திறந்து தருவார். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதால் போத்தல் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது, திறப்பு என்னிடம். உணவுப் பண்டங்களில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்சம், மருத்துவ நோயாளிக்கும் அதே உச்சம்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள எனக்குத் தெரிந்த ஒருவர் எண்ணெய் விழுங்கமாட்டார், கம்மிதான் எடுப்பார். ஒரு நாளைக்குப் பல பொதி கிழிக்கவேண்டியிருக்கிறது, அவருக்கும் கை நடுங்கும். செலவைச் சொல்லவேண்டியதில்லை.

செலவு என்றால் வரி. மருந்துச் சீட்டில் வரும் மருந்துக்கு இங்கே விற்பனை வரி இல்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு ஒன்ராறியோவில் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி 13 சதவீதம் உண்டு. 2018இலிருந்து கலால் வரியும் சேர்ந்தது. எண்ணெய்க்கு ஒரு மில்லிகிராம் டி.எச்.சி.க்கு ஒரு சதம். மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள 30 மில்லிப் போத்தலில் 600 மில்லிகிராம், அதாவது கலால் மட்டும் குறைந்தது 6 டொலர், அதற்கு மேல் 13 சதவீதம். டி.எச்.சி. மிகக் குறைந்த சி.பி.டி. எண்ணெய்க்குக் கலால் இல்லை, விற்பனை வரி இருக்கிறது. ஒன்ராறியோ மருந்துத் திட்டம் இதற்குப் பணம் தராது. டி.எச்.சி.யைப் போல வேலை செய்யும் நபிலோன் என்ற செயற்கைக் குளிசைக்குத் தரும், அது எனக்கு ஒத்துவரவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு அவர்களுடைய அமைச்சு திருப்பிக் கொடுக்கிறது.

இதனால் பலர் கடையில் மலிவு என்று மருத்துவப் பதிவையே விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பதிவு உள்ளவர் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கியதை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், 33099 என்ற இடத்தில். கடை ரசீது அதற்குச் செல்லாது. வேலையிடத்தில் நோய்க்காகச் சலுகை கேட்கவேண்டி வந்தால் கையில் ஆவணம் இருக்கும். பொது இடத்தில் மற்றவர்களுக்குள்ள 30 கிராமுக்கு மேலும் வைத்திருக்கலாம். விற்பனையாளர்கள் பலர் குறைந்த வருமானக்காரருக்கு விலைக் கழிவு வைத்திருக்கிறார்கள், சிலர் கலால் வரியைத் தாங்களே ஏற்கிறார்கள். இரண்டையும் கேட்டுத்தான் பெறவேண்டும். வேலையிடக் காப்புறுதியில் சுகாதாரச் செலவுக் கணக்கு இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் கள்ளச் சந்தைக்கு நான் போகமாட்டேன். பூச்சிமருந்தும் பூஞ்சையும் சோதித்த போத்தல் என்பது, கெமோ எடுத்த உடம்புக்குச் சின்ன விஷயமில்லை. 2024 மார்ச்சில் கஞ்சாச் சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு, மருத்துவ வழி தனியாகத் தொடரவேண்டும் என்று சொன்னது. சரி, தொடரட்டும். பார்மசியில் கிடைக்கும் நாள் வரும்வரை போத்தலில் மூன்றில் ஒன்று மிஞ்சியிருக்கும்போதே அடுத்ததை ஓடர் பண்ணுகிறேன், ஆவணம் முடிய இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க நேரம் கேட்கிறேன்.

ஊருக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒன்று. மருத்துவ ஆவணம் இருந்தாலும் கனடாவின் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் குற்றம், அதிகபட்சம் 14 வருடச் சிறை. சி.பி.டி. எண்ணெய்க்கும் அதேதான். அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காரில் போவதானாலும், இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவதானாலும் அந்த ஆவணம் அங்கே செல்லாது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக முடிவெடுத்தபோது, இரண்டு மாதம் முன்பே வைத்தியரோடு கதைத்து எண்ணெயைப் படிப்படியாகக் குறைத்து, குறைந்த அளவு காபபென்டினுக்கு மாறினேன். பயணத்துக்குப் பழைய கைப்பை எதையும் எடுக்கவில்லை. அடியில் எண்ணெய் அளக்கும் சிரிஞ்ச் ஒன்று கிடந்தாலும் விளக்கம் சொல்ல முடியாது. மத்தியான நித்திரை கூடிப் போனதைப் பார்த்து ஊர்ச் சனம் கனடாக்காரி சோம்பேறி என்றது, அது வேறு கதை.